ஆறு வீட்டுத் தங்கம்

அத்தியாயம் பதினொன்று

கேத்தரின் கண்விழித்தபோது அப்பாவின் கட்டில் காலியாகக் கிடந்தது. கம்பளி நாலாக மடிக்கப்பட்டிருந்தது. கட்டங்காப்பி போட்ட பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். செல்போன் மட்டும் ஜன்னல் விளிம்பில் அணைந்து கிடந்தது.

மறந்து வைத்துவிட்டுப் போகிற ஆளில்லை மனுவேல். இந்த ஒரு வருஷமாக வாசலில் பால் வாங்கப் போனால்கூடப் போன் கையிலிருக்கும்.

வேண்டுமென்றேதான் விட்டுப் போயிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அந்த ரகசிய நம்பரைச் சொல்லுங்கப்பா. நாளைக்கே வித்துருவோம்." அன்றிலிருந்து அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் உப்பு போதுமா, வெந்நீர் வேணுமா என்பதைத் தாண்டிப் பேச்சு கிடையாது. கோபித்துக்கொண்டு பேசாமல் இருப்பது ஒரு விதம். அதற்கு ஒரு முடிவு உண்டு. மனுவேலின் மௌனம் அப்படிப்பட்டதல்ல. பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிடுவார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், மாட்டுவார், மறுபடி கழற்றுவார். எதிரே இருக்கிறவள், நாம் இங்கே இருக்கிறோமா என்று தன்னையே தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அவள் விற்கச் சொன்னது ஹேமகிரி எக்ஸ்ப்ளோரேஷன்ஸ் கம்பெனியின் பங்குகளை. ஆந்திராப் பக்கம் ஏதோ ஒரு பொட்டல் காட்டில் பூமியைத் துளைபோட்டுத் தங்கம் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கும் கம்பெனி. இன்றுவரை ஒரு குந்துமணித் தங்கம் எடுத்ததில்லை. எடுப்போம் என்ற பேச்சைத்தான் பங்குபங்காக ஊருக்கெல்லாம் விற்றிருந்தது.

வாங்கியவர்களில் நாயுடுபுரத்து அன்பியத்தைச் சேர்ந்த ஏழு வீடுகளும் அடக்கம். வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபம் சொல்லும் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள். மிஷன் பள்ளிக்கூடத்து லேபில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்ற மனுவேல்தான் அந்த அன்பியத்தின் தலைவர். கல் சேகரிப்பு அடுக்கிய கண்ணாடி அலமாரி அவர் பொறுப்பில் இருந்தது. எந்தக் கல்லைக் கையில் கொடுத்தாலும் பேரும் ஊரும் சொல்லிவிடுவார். அவரே ஒரு தங்கக் கம்பெனியில் பணம் போடுகிறார் என்று தெரிந்ததும் மற்ற ஆறு வீடும் கொண்டுவந்து கொட்டின. பங்கு வைத்துக்கொள்ளும் கணக்கு அந்தத் தெருவிலேயே கேத்தரினுக்கு மட்டும்தான் இருந்தது. ஏழு வீட்டுப் பங்கும் அவள் பேரில் போய் உட்கார்ந்தது இப்படித்தான்.

விற்க வேண்டுமானால் இரண்டு எண்கள் வேண்டும். ஒன்று, அப்பா போட்டு வைத்த ரகசிய எண். மற்றது, விற்கிற நேரத்தில் கேத்தரினின் போனுக்கு வரும் எண். ஒருவர் இல்லாமல் மற்றவர் அசைக்க முடியாது. இந்த ஏற்பாட்டைச் செய்தபோது இருவருக்கும் அது பாதுகாப்பாகத் தோன்றியது.

துளைபோட்ட முடிவை நாளை வெள்ளிக்கிழமை அறிவிக்கப் போவதாகக் கம்பெனி சொல்லியிருந்தது. இன்று வியாழன்.

வெளியே ஹார்ன் அடித்தது. தம்பி அமல், டாக்ஸியோடு நின்றான்.

"அக்கா, வெரசா ஏறு. மூஞ்சிக்கல் ரோட்டுல இப்பவே வண்டி நகரல."

"அப்பாவைப் பாத்தியா?"

"நான்தான் ஸ்கூல் கேட்டுல எறக்கி விட்டேன். என்னப்பா இவ்வளவு வெள்ளனேன்னு கேட்டா, சோலி இருக்குங்கிறாரு. ரிட்டையர்டு ஆன மனுசனுக்கு அங்க என்ன சோலி?"

"நான் கேக்கப் போறேன்னு தெரிஞ்சு ஓடிருக்காரு."

"பின்ன? நீ எந்நேரமும் நம்பர் நம்பர்னு அரிச்சா அவரு எங்கதான் போவாரு?"

சாலையைப் பனிமஞ்சு மூடியிருந்தது. முன்னால் போகிற ஜீப்பின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது.

"ஏலே, உனக்குப் பயமே இல்லையா?" என்றாள்.

"எதுக்குப் பயம்? ஒரு வாரமா ஏறிக்கிட்டேல்ல இருக்கு. ஏறிக்கிட்டு இருக்கிற பஸ்ஸுல இருந்து எவனாவது குதிப்பானா?"

"மலை ஏறுன பஸ்ஸு எறங்கணும்ல. எறங்கும்போது பிரேக் பிடிக்கலைன்னா?"

"அக்கா, நான் டிரைவர். பிரேக்கைப் பத்தி நீ எனக்குக் கிளாஸ் எடுக்காத." சிரித்தான். பிறகு, கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் அவளைப் பார்க்காமல் சொன்னான். "இன்னும் ஒரு ஏத்தம்தான்க்கா. இந்த ஓட்டை வண்டிய வித்துட்டுப் பெருசா ஒண்ணு எடுத்துருவேன்."

கேத்தரின் பதில் சொல்லவில்லை. இந்தக் குடும்பத்தில் பேசாமலிருக்கும் வித்தை அப்பாவுக்கு மட்டும் வாய்த்ததல்ல.

ஏரிக்கரை ஓட்டலில் அவளுக்கு வரவேற்பு மேஜை வேலை. காலையிலேயே ஈரோட்டிலிருந்து வந்த குடும்பம் ஒன்று மேஜையைச் சுற்றி நின்றது.

"மேடம், வெந்நீர் வரல."

"ரெண்டு நிமிஷம் திறந்து விடுங்க சார், வந்துரும்."

"ரெண்டு நிமிஷமா? எங்க மாமனாரு சோப்புப் போட்டுட்டு நிக்கிறாரு மேடம்!"

பம்பு அறைக்குப் போன் போட்டுவிட்டு, மேஜைக்கு அடியில் தன் போனைத் திறந்து பார்த்தாள். சந்தை ஆரம்பித்த உடனேயே ஹேமகிரி உச்சத்தில் போய் நின்றுவிட்டது. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் ஏறலாம் என்று ஒரு வரம்பு உண்டு. அதைத் தொட்டபடி வாங்குகிறவர்கள் வரிசை கட்டியிருந்தார்கள். விற்கத்தான் ஆளில்லை.

பக்கத்து நாற்காலியில் தாரணி எட்டிப் பார்த்தாள். பழனிக்காரப் பெண். அடிவாரத்தில் கடை வைத்திருக்கும் அவள் சித்தப்பா பங்குச் சந்தையில் பட்ட பாட்டையெல்லாம் வீட்டில் கேட்டு வளர்ந்தவள்.

"இன்னுமா விக்கல? அக்கா, உங்களுக்கு என்ன நெஞ்சு கல்லா?"

"அப்பா நம்பர் தரல தாரணி."

"எங்க சித்தப்பா இப்படித்தான் இன்னிக்கி ஏறும், நாளைக்கி ஏறும்னு வச்சிருந்தாரு. ஒருநாள் சேதி கெட்டதா வந்துச்சு. அவ்வளவுதான். விக்கிறவன்தான் வரிசையில நிக்கிறான், வாங்க ஒரு ஈ காக்கா இல்ல. தினமும் காலையில உக்காந்து பட்டனை அமுக்குவாரு, சாயங்காலம் விக்கலைன்னு வரும். பட்டனை அமுக்கி அமுக்கியே அந்த மனுசனுக்கு விரல் தேஞ்சு போச்சு."

கேத்தரின் சிரிக்க முயன்றாள். முடியவில்லை.

அவளுக்குள் சந்தேகம் விழுந்தது ஒரு குரலைக் கேட்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கம்பெனி, பங்கு வைத்திருப்பவர்களைப் போனில் கூட்டிப் பேசும். போன தடவை மனுவேலும் கலந்துகொண்டார். ஒரு கேள்வியை எழுதி வைத்து, கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பழகி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, போன்தான் என்றாலும் எழுந்து நின்று கேட்டார். "சார், வாட் இஸ் த விட்த் ஆஃப் த வெயின்?" பாறைக்குள் தங்கம் ஓடுகிற அந்த நரம்பு எவ்வளவு அகலம்? நூல் மாதிரி இருந்தால் தோண்டிப் புண்ணியமில்லை, கை அகலம் இருந்தால் சுரங்கமே போடலாம். கேட்கவேண்டிய கேள்விதான். மறுமுனையில் மேனேஜிங் டைரக்டர், "குட் கொஸ்டின், மனுவேல்ஜி" என்றார்.

அந்தப் பேச்சின் பதிவு ஆறு வீட்டிலும் ஓடியது. பம்பாயில் உட்கார்ந்திருக்கும் முதலாளி நம் தெரு மனுவேலைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறான் என்று கேட்டவர்கள் பூரித்துப் போனார்கள். இரண்டாம் தடவையும் பணம் கொடுத்தார்கள்.

போன வாரம் பாத்திரம் கழுவிக்கொண்டே அதை முழுவதும் கேட்டாள் கேத்தரின். குட் கொஸ்டின் என்றவர் அரசாங்கத்தின் ஆதரவைப் பற்றிச் சொன்னார். உலகத்தில் தங்கம் விலை ஏறுவதைச் சொன்னார். நாட்டின் எதிர்காலத்தைச் சொன்னார். அகலத்தைச் சொல்லவே இல்லை. அடுத்துக் கேட்ட ஆளுக்கும் "குட் கொஸ்டின்" என்றுதான் சொன்னார். அதற்கடுத்த ஆளுக்கும்.

"அக்கா" என்று தாரணி தோளைத் தொட்டாள். "ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே? நம்பர் மறந்துட்டா புதுசு கேட்டு வாங்கிக்கலாம். அது உங்க போனுக்குத்தான் வரும். கணக்கு உங்க பேருலதான கெடக்கு?"

கேத்தரின் அவளையே பார்த்தாள்.

அப்படியென்றால் இரண்டு சாவியும் இத்தனை நாளும் தன் கையில்தான் இருந்திருக்கிறது. அப்பாவிடம் இருந்தது வெறும் நம்பிக்கை.

தெரியாமலே இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கொடுக்காத அப்பாவின் மேல் பழியைப் போட்டுவிட்டு நாளைவரை உட்கார்ந்திருக்கலாம்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆட்டோ பிடித்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். வாட்ச்மேன் கேட்காமலே கையைக் காட்டினார். "சார் மாடில இருக்காரு."

லேப் வேறு கட்டடத்துக்குப் போய்விட்டது. கல் அலமாரியை மட்டும் யாருக்கும் எடுத்துப் போகத் தோன்றாமல் மாடி வராந்தாவின் கோடியில் விட்டு வைத்திருந்தார்கள். அதன் முன்னால் ஒரு ஸ்டூலில் மனுவேல் உட்கார்ந்திருந்தார். கையில் வெள்ளைக் கல் ஒன்று.

"சாப்பிட்டீங்களா?"

"ம்."

பொய். அவள் கொண்டுவந்த தயிர்சாதப் பொட்டலத்தைப் பக்கத்தில் வைத்தாள். அவர் பிரிக்கவில்லை.

போனை எடுத்து அந்தப் பதிவை ஓடவிட்டாள். வராந்தாவில் அப்பாவின் குரல் கேட்டது. பயந்த, மரியாதையான, பாடம் ஒப்பிக்கிற இங்கிலீஷ். பிறகு அந்த இன்னொரு குரல். குட் கொஸ்டின், மனுவேல்ஜி. முழுதும் ஓடி முடிகிறவரை இருவரும் அசையாமல் கேட்டார்கள்.

"பதில் எங்கப்பா?"

மனுவேல் கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியில் துடைத்தார். கீழே மணி அடித்தது. பிள்ளைகள் கத்திக்கொண்டு படியில் ஓடினார்கள். அந்தச் சத்தமெல்லாம் ஓய்ந்து, வராந்தா மறுபடி காலியாகி, ஜன்னல் வழியாக மஞ்சு உள்ளே வந்து போன பிறகு அவர் வாய் திறந்தார்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"அகலம் இருந்தா சொல்லிருப்பான். சொல்லலைன்னா இல்ல. அன்னிக்கு போனை வைக்கும்போதே தெரியும்."

கேத்தரின் போனை அணைத்தாள்.

"தெரிஞ்சுமா வீடுவீடாப் போட்டுக் காமிச்சீங்க?"

"நானா காமிச்சேன்? சகாயராணிதான் கேட்டா. சார், அந்த ஆளு உங்க பேரச் சொன்னதைப் போடுங்க சார்னா. போட்டேன். எல்லார் முகத்தையும் பாத்தேன். அப்புறம் எப்படிம்மா சொல்றது?"

"இப்பச் சொல்லுவோம். இன்னிக்கு வாங்குறதுக்கு ஆள் நிக்கிது. நாளைக்கு ஒருத்தன் நிக்க மாட்டான். வித்துட்டு உள்ளதைச் சொல்லிருவோம்."

"உள்ளதுன்னா என்ன கேத்தி? மனுவேலுக்கே நம்பிக்கை இல்ல, ஆனா நம்மள இழுத்து விட்டுட்டான். அதான உள்ளது?" கல்லைக் கையில் உருட்டினார். "ஒருவேளை நாளைக்கு நல்ல சேதி வந்துட்டா? பூமிக்குள்ள இருக்கிறதை யாரு கண்டா? அப்ப என்ன சொல்லுவ? கைக்கு வந்ததைத் தட்டி விட்டவன்னு ஆயிரும்."

"கெட்ட சேதி வந்துட்டா?"

"விழுந்தா எல்லாரோடயும் சேந்து விழுறேன். அவங்களுக்குப் போறது எனக்கும் போகட்டும். அதுல ஒரு மரியாதை இருக்கு."

"மரியாதை உங்களுக்கு இருக்கும். ராணியக்காவுக்கு என்னப்பா இருக்கும்?"

சகாயராணி பள்ளி ஹாஸ்டல் சமையலறையில் வேலை செய்து, மகள் ஜெனிபாவை நர்சிங் படிக்க வைக்கச் சேர்த்ததை அப்படியே கொடுத்தவள். செபமாலை மாமா ஏரிக்கரையில் சவாரிக்கு விட்டுக்கொண்டிருந்த குதிரையை விற்றுக் கொடுத்தவர். இதெல்லாம் அவருக்குத் தெரியாததல்ல. தெரிந்ததால்தான் போனை அணைத்துவிட்டு இங்கே வந்து கல்லை உருட்டிக்கொண்டிருக்கிறார்.

"எனக்கு என்ன வேணும்னாலும் கேளு" என்றார் கடைசியில். "அந்த நம்பரை மட்டும் கேக்காத தாயி."

நம்பர் எனக்கு வேண்டியதில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் அவர் கெஞ்சுவார். அப்பா கெஞ்சி அவள் பார்த்ததில்லை. இன்று பார்க்கத் திராணியில்லை.

படி இறங்கும்போது பொட்டலத்தைப் பிரிக்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

சந்தை மூன்றரைக்கு மூடும். ஓட்டலுக்குத் திரும்பியபோது மேஜையில் கூட்டம். அறை காலி செய்கிறவர்கள், படகு எங்கே கிடைக்கும் என்று கேட்கிறவர்கள், குழந்தைக்குக் காய்ச்சல் என்று டாக்டர் கேட்கிறவர்கள். ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னாள். நடுநடுவே கடிகாரத்தைப் பார்த்தாள்.

"தாரணி, அஞ்சு நிமிஷம் பாத்துக்கிறியா?"

துணி அடுக்கி வைத்திருக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். சலவைத் துணி வாசனை. நம்பர் மறந்துவிட்டது என்ற இடத்தைத் தொட்டாள். மறக்கவில்லை, எனக்குத் தெரியவே தெரியாது என்று சொல்ல அங்கே இடமில்லை. புது எண் உடனே வந்து விழுந்தது. இவ்வளவு சுலபமா என்று கோபம்கூட வந்தது.

எவ்வளவு விற்க வேண்டும் என்று கேட்டது. 'எல்லாம்' என்றும் ஒரு பொத்தான் இருந்தது.

விரல் அதன்மேல் போய் நின்றது.

ஆறு வீட்டுக்காரர்கள் நம்பிக் கொடுத்தது தன் பேரில் இருக்கிறது. அதைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுக்கவேண்டியது தன் கடமை. அதில் அப்பாவைக் கேட்க ஒன்றுமில்லை. ஆனால் அப்பாவின் பங்கு அப்பாவுடையது. விழுந்தால் விழுகிறேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அவர் விழுவதைத் தடுக்கத் தனக்கு என்ன உரிமை? அவர் சம்மதமில்லாமல் ஊரார் பங்கை விற்றால் அது பொறுப்பு. அவர் பங்கையும் விற்றால் அது திருட்டு.

யார் யாருக்கு எவ்வளவு என்பது அவளுக்கு மனப்பாடம். வாங்கிப் போட்டவளே அவள்தானே. ஆறு வீட்டுக் கணக்கை மட்டும் கூட்டித் தட்டினாள். தங்கள் வீட்டுப் பங்கை, அமலின் பெரிய வண்டியும் சேர்த்து, இருந்த இடத்திலேயே விட்டாள்.

வாங்கக் காத்திருந்த கூட்டம் கண்மூடித் திறப்பதற்குள் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது.

துணி மூட்டையின் மேல் சற்று நேரம் உட்கார்ந்திருந்தாள். ஒரு பாரம் இறங்கியது. தான் செய்தது நியாயம் என்பதில் அந்த நேரத்தில் அவளுக்குக் கடுகளவும் சந்தேகமில்லை.

அந்த வார அன்பியம் இவர்கள் வீட்டில்தான். கேத்தரின் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தபோது மனுவேல் வந்தார். முகச்சவரம் செய்து, தோய்த்த சட்டை போட்டு, வேதாகமத்தை எடுத்து வைத்தார். மத்தியானம் எதுவும் நடக்காதது போல், "நாற்காலி பத்தாது" என்றார். ஐந்து நாளில் அவராகப் பேசிய முதல் வார்த்தை.

அடுப்பைக் குறைத்துவிட்டு வந்தாள். "அப்பா, ஒரு விஷயம் சொல்லணும்."

"சார்!" என்று வாசலில் குரல். சகாயராணி இரண்டு கையிலும் பிளாஸ்டிக் நாற்காலிகளோடு நின்றாள். "நாற்காலி பத்தாதுன்னு எனக்குத் தெரியுமே. ஏ கேத்தரின், என்ன மூஞ்சி இப்படி வெளுத்துக் கெடக்கு? ஓட்டல்காரன் சோறு போடுறானா இல்லையா?"

பின்னாலேயே மற்றவர்களும் வந்துவிட்டார்கள். காது மந்தமான செபமாலை மாமாவை மனுவேலுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அமல் சவாரி முடிந்து வந்து வாசல் நிலையில் சாய்ந்துகொண்டான்.

பாட்டு, வாசகம் எல்லாம் முடிந்தது. மன்றாட்டு தொடங்கியது. ஆளுக்கொரு வேண்டுதலைச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் சேர்ந்து பதில் சொல்ல வேண்டும். அதுதான் வழக்கம்.

சகாயராணி கண்ணை மூடிக்கொண்டாள்.

"இரக்கமுள்ள இயேசுவே, எங்க ஹேமகிரி கம்பெனிய உம்ம பாதத்துல வைக்கிறோம். அவங்க போட்ட ஒவ்வொரு துளைக்குள்ளயும் நீரே எறங்கிப் போயி, எங்க ஒளிஞ்சிருந்தாலும் அந்தத் தங்கத்தைக் காட்டிக் குடுக்கணும்னும், நாளைக்கு வர்ற ரிசல்ட்டு நல்லதா இருக்கணும்னும், அந்த மேனேஜிங் டைரக்டருக்கு நல்ல சுகத்தைத் தரணும்னும் உம்மை மன்றாடுகிறோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

அமல் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டான். மனுவேல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து செபமாலை மாமா, காது கேளாதவர்களுக்கே உரிய பெரிய குரலில் சொன்னார். "என் குதிரை இப்ப யாருகிட்ட இருக்கோ தெரியாது. யாருகிட்ட இருந்தாலும் அதை அடிக்காம வச்சிருக்கணும். உம்மை மன்றாடுகிறோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

இன்னும் இரண்டு பேர் சொன்னார்கள். பிறகு கேத்தரினின் முறை.

ஜெபம் முடிந்து, சுண்டல் கொடுக்கும்போது நிதானமாகச் சொல்லலாம் என்றுதான் நினைத்திருந்தாள். ஆனால் வாயைத் திறந்ததும் வேறு வேண்டுதல் எதுவும் வரவில்லை.

"ஆண்டவரே, நம்ம ஆறு வீட்டுப் பங்கையும் இன்னிக்கு மத்தியானம் நான் வித்துட்டேன். யாரையும் கேக்கல. கேக்காம வித்துட்டேன். நாளைக்கு எந்தச் சேதி வந்தாலும் அதைத் தாங்குற பலத்தை எங்க எல்லாருக்கும் தரணும்னு உம்மை மன்றாடுகிறோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டை…"

பழக்கத்தில் ஆரம்பித்த குரல்கள் பாதியில் ஒவ்வொன்றாக நின்றன. செபமாலை மாமா மட்டும் "கேட்டருளும்" என்று தனியாக முடித்துவைத்தார்.

பக்கத்து வீட்டு டிவி சத்தம் தெளிவாகக் கேட்டது.

"என்னது?" என்றாள் சகாயராணி. "ஏ பிள்ளை, என்ன சொன்ன நீ? வித்துட்டியா?"

"நாளைக்கு ரிசல்ட்ட வச்சுக்கிட்டு இன்னிக்கு எவளாவது விப்பாளா?" என்றது பின்வரிசை.

"அக்கா!" அமல் நிலையை விட்டு உள்ளே வந்தான். "உனக்குப் பைத்தியமா?"

"பணம் எங்க?" என்று இன்னொரு குரல். "யாரு கணக்குக்குப் போச்சு?"

கேத்தரின் எதற்குப் பதில் சொல்வது என்று தெரியாமல் நின்றாள். அப்போது மனுவேல் எழுந்தார். நாற்காலி பின்னால் தரையில் தேய்ந்தது. எல்லோரும் அடங்கினார்கள்.

"அவளைத் திட்டாதீங்க" என்றார். "நான்தான் விக்கச் சொன்னேன்."

கேத்தரின் அப்பாவைப் பார்த்தாள். மத்தியானம் வரை உயிரைக் கொடுத்துக் காத்துவந்த நல்ல பேரை அவளுக்காக நடுவீட்டில் போட்டு உடைக்கிறார்.

"அந்தக் கம்பெனி மேல எனக்கு நம்பிக்கை போயிருச்சு. முன்னாடியே போயிருச்சு. உங்ககிட்டச் சொல்லத் துணிவில்ல. அதனாலதான் வித்துருன்னு இவகிட்டச் சொன்னேன். தப்புன்னா என் தப்பு."

சகாயராணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்ல அவள் தோள் தளர்ந்தது.

"சரி சார்" என்றாள். "நீங்க சொன்னா அதுல ஒரு காரணம் இருக்கும். எங்களுக்குக் கல்லைப் பத்தி என்ன தெரியும்? போட்டதுக்கு மேலதான் வந்திருக்கும்ல, நஷ்டமில்லையே?"

"இல்லக்கா, நஷ்டமில்ல" என்றாள் கேத்தரின் அவசரமாக. "போட்டதைப் போல ரெண்டு மடங்குக்கு மேலயே வரும்."

நாற்காலிகள் அசைந்தன. யாரோ மூச்சு விட்டார்கள். மனுவேல் உட்காரப் போனார்.

"அப்ப உங்க வீட்டுப் பங்கையும் சேத்து வித்தாச்சு, அப்படித்தான சார்?"

சகாயராணி அதைச் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. பேச்சை முடித்து வைப்பதற்காகத்தான் கேட்டாள்.

"பின்ன, சேத்துத்தான்" என்று சொல்லிவிட்டு மனுவேல் மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் பாதி உட்கார்ந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

ஒரு பொய் சொன்னால் போதும். தலையை ஒருமுறை ஆட்டினால் போதும். அவளால் முடியவில்லை.

"இல்லக்கா" என்றாள். "எங்களுதை விக்கல."

சகாயராணியின் மனசுக்குள் கணக்கு ஒன்று ஓடி முடிவதை எல்லோரும் பார்த்தார்கள். கம்பெனியின் மேல் நம்பிக்கை போய்விட்டது என்று இப்போதுதான் சொன்ன மனிதர், ஊரார் பங்கை ரிசல்ட்டுக்கு முதல் நாள் விற்றுவிட்டுத் தன் பங்கை மட்டும் வைத்திருக்கிறார்.

"ராணியக்கா, அது அப்படியில்ல. அப்பாவுக்கு இது…"

"நீ இரு" என்றாள் சகாயராணி. குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை. "நாளைக்கு ரிசல்ட் வரட்டும் சார். அதுக்குப் பிறகு பேசிக்கிடுவோம்."

அவள் முந்தானையைத் தலையிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். ஆனால் எழுந்திருக்கவில்லை. மற்றவர்களும் எழுந்திருக்கவில்லை. தலைவர் இறுதி ஜெபம் சொல்லிச் சிலுவை போடாமல் அன்பியத்திலிருந்து யாரும் எழுந்து போவதில்லை. இத்தனை வருஷத்தில் அப்படி ஒருநாளும் நடந்ததில்லை.

சொல்லவேண்டிய மனுவேல் நின்றுகொண்டிருந்தார். நெற்றிக்குக் கொண்டுபோன கை பாதியில் நின்றிருந்தது. அவர் பார்வை மகளின் மேல் இருந்தது. கோபம் இல்லை. ஏன் என்று மட்டும் கேட்டது.

அடுப்படியில் சுண்டல் தீய்கிற வாசனை வந்தது. யாரும் போய் அணைக்கவில்லை. செருப்பில்லாத கால்கள் தரையில் தேய்ந்தன. ஒருவர் இருமினார். அமல் தன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

செபமாலை மாமா இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார்.

"என்னப்பா, முடிச்சாச்சா?" என்று உரக்கக் கேட்டார்.